கொல்லி மலையும் இளையோர்க்கான சரித்திரக் கதையும்

பழந்தமிழகத்தைக் களமாகக் கொண்டு, இளையோர் படிப்பதற்கென்றே எழுதப்பெறும் சரித்திரக் கதை எவ்வாறு அமைதல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்குக் கொல்லி மலையைப் போல் உதவும் இடம் பிறிதொன்று இல்லை எனலாம். சேலம் மாவட்டத்தினின்றும் பிரிந்து 1997-இல் உருவான நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் இம்மலையின் மேற்பரப்பை அடையலாம். இங்குள்ள ஊர்த் தொகுதிகள் இன்றும் ‘நாடு’ என்றே வழங்குகின்றன. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என அவை விரியும். இவற்றுள் வளப்பூர் நாடு, அறப்பளீசுவரர் கோயிலாலும், ஐயாறு வீழ்ந்து இறங்கும் ஆகாய கங்கை அருவியாலும் பலரும் அறிந்தது. ஆனால் இம்மலையின் புகழ் கோயிலினும் பழமையானது. அது வில்லாளி ஒருவனின் பெயரோடு பிணைந்தது.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரியே அவ்வில்லாளி. புறநானூற்றில் வன்பரணர் அவனைப் பாடிய பாடல் ஒன்று, ஒரு சிறுகதையைப் போலவே நடக்கிறது. பசியோடு வரும் பாணர் கூட்டம் காட்டில் வேட்டுவன் ஒருவனைக் காண்கிறது. அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கிறது. இவன் யாரோ என வியந்த பாணர்கள் ஓரியைப் புகழ்ந்து பாடுகின்றனர். தன் பெயரைத் தன் முன்னேயே கேட்ட அவ்வேட்டுவன் நாணுகிறான். பின்னர் இறைச்சியும் நறவும் தந்து, பொன்னும் மணியும் ஈந்து விடுக்கிறான். வேட்டுவனே ஓரி என்பதைப் புலவர் வெளிப்பட உரைப்பதில்லை. நாமே உணரும்படி விட்டுவிடுகிறார். அவனிடம் பரிசில் பெற்ற கூத்தர்கள், பசி தீர்ந்த மயக்கத்தில் ஆடலையும் பாடலையும் மறந்தனர் என்பது அதே புலவரின் மற்றொரு பாட்டு.

இத்தகையவனின் முடிவு எவ்வாறு நேர்ந்தது? முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லி மலையைச் சேரர்க்குக் கொடுத்தான் என்று அகநானூற்றில் கல்லாடனார் கூறுகிறார். காரி ஏறிய குதிரையின் பெயரும் காரி. ஓரி ஏறிய குதிரையின் பெயரும் ஓரி. இருவரும் தத்தம் குதிரை மீதமர்ந்து பொருததைச் சிறுபாணாற்றுப்படை நினைவுகூர்கிறது. நற்றிணைப் பாட்டொன்றில் கபிலர், ஓரி மடிந்தபின் அவனூர்ப் பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த பேராரவாரத்தை ஓர் உவமையாகக் காட்டிச் செல்கிறார். அந்தத் தெருவின் திண்ணைகளில் அன்று சிறுவர்களும் சிறுமியர்களும் நின்றிருப்பர் அன்றோ? அவர்கள் கண்டது யாது என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. சரித்திரக் கதையாசிரியனுக்குரிய இடம் அந்த வெற்றிடமே.

இனி, இளையோர் மனத்தில் ஆழப் பதிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஓரியைக் கொன்ற காரியும் அதே எழுவருள் ஒருவன்! புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் அடுக்கிய வள்ளல் வரிசையில் கொன்றவனும் கொலையுண்டவனும் அருகருகே நிற்கின்றனர்; சிறுபாணாற்றுப்படை அடுக்கிய வரிசையிலும் இருவரும் இடம்பெறுகின்றனர். காரியின் ஈகையைக் கபிலர் வாயாரப் பாடியிருக்கிறார். ஓரியின் தெருவில் எழுந்த ஆரவாரத்தைக் குறித்தவரும் அதே கபிலர்தாம். மூவேந்தருள் ஒருவர், போரில் துணைநிற்க வேண்டிக் காரிக்குப் பொருள் அனுப்புவர் என்றும், அப்பொருளையெல்லாம் அவன் இரவலர்க்கே வழங்கிவிடுவான் என்றும் அவர் பாடுகிறார். இச்செய்திகளைச் சேர்த்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. ஒருவனுடைய வண்மையின் ஊற்று, மற்றொருவனுடைய மண்ணின் அழிவில் இருந்தது. கொடையும் கொலையும் ஒரே கையில் குடியிருந்தன.

இவையெல்லாம் புலவர் கற்பனையோ எனச் சிலர் ஐயுறலாம். கல்லும் காசும் அவ்வையத்தைப் பெரிதும் போக்குகின்றன. 1981-இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரையே பொறித்திருக்கிறது. திருக்கோவலூர்ப் பகுதியில் குதிரை உருவமும் மலையமான் பெயரும் தாங்கிய காசுகள் கிடைத்துள்ளன. காவிரிக்கரையில், கரூரை அடுத்த புகழூர்க் குன்றில் உள்ள கல்வெட்டோ நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. சேரர் குடியின் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லி, பேரனாகிய இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் எய்திய வேளையில் சமணத் துறவியர்க்குக் கற்படுக்கை வெட்டித் தந்ததை அது பதிவு செய்கிறது. ஓர் இளைஞன் தன் வாழ்வின் அடுத்த படியில் கால் வைத்த நாளைக் கல் இன்றளவும் காத்து நிற்கிறது.

சங்கப் பாடல்களிலோ இளமை கடக்கும் காட்சிகள் பல. தலையாலங்கானத்தில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் போருக்கெழுந்தபோது சிறுவன். காற்சதங்கை நீக்கிக் கழல் புனைந்தான். கழுத்திலிருந்த சிறுபிள்ளைத் தாலி இன்னும் கழற்றப்படவில்லை. பாலுணவை விட்டதும் அன்றுதான் என்று இடைக்குன்றூர் கிழார் வியக்கிறார். பகைவரைக் கொன்றபின் அவன் களிக்கவும் இல்லை, தருக்கவும் இல்லை என்பது அப்பாட்டின் முடிவு. பாரியின் மகளிரோ, தந்தையும் பறம்பும் போன பின்னர், சென்ற திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் ஒப்பிட்டுத் தாமே பாடினர். மலையமான் மக்களின் நிலை இன்னும் கொடிது. அச்சிறுவரை யானைக் காலில் இடர முற்பட்ட கிள்ளிவளவனிடம் கோவூர் கிழார் வழக்குரைத்தார். அழுது நின்ற பிள்ளைகள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்து, புதிய மன்றைக் கண்டு மருண்டனர் என்று அவர் கூறும் இடத்தில் கல்நெஞ்சும் கரையும். காரியின் குடிப் பெயரைத் தாங்கிய குழந்தைகள், ஒரு நாள் பிறர் முற்றத்தில் உயிர்ப்பிச்சைக்கு நின்றனர்! வெற்றி எவர் வீட்டிலும் நிலையாகத் தங்குவதில்லை.

சிறுவன் ஒருவன் வளர்ந்து ஆளாகும் கதையைத் தமிழ் உரைநடை தன் தொடக்கத்திலேயே கண்டது. 1885-இல் கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை எழுதிய ‘அசன்பே சரித்திரம்’ பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த பிள்ளையின் கதையே. 1941-இல் தொடங்கிக் கல்கி எழுதிய ‘பார்த்திபன் கனவு’, தந்தையின் கனவைச் சுமந்து வளரும் விக்கிரமனைக் காட்டுகிறது. தன் குடியின் பகைவன் எனக் கருதிய நரசிம்மவர்மனே, துறவி வேடத்தில் தனக்குத் துணை நின்றவன் என்பதை அவன் இறுதியில் அறிகிறான். இங்கிலாந்தின் ரோஸ்மேரி சட்கிளிஃப் 1954-இல் இளையோர்க்கென எழுதிய ‘ஒன்பதாம் படையின் கழுகு’ என்னும் கதையில், உரோமானிய இளைஞனும், அவனால் விடுவிக்கப்பட்ட பிரித்தானிய அடிமையும் தோழராகி, தொலைந்துபோன படைக்கொடியைத் தேடிச் செல்கின்றனர். இம்மூன்றும் நெஞ்சில் நிற்பதற்குக் காரணம் அரண்மனையின் அழகன்று. தான் அறிந்த உலகம் முழு உலகமன்று என்பதை ஓர் இளம் உள்ளம் உணரும் கணமே.

கொல்லி மலைக் கதைக்கும் அக்கணம் ஆயத்தமாகவே காத்திருக்கிறது. ஓரியிடம் பரிசில் பெற்ற கூத்தர் குடியில் பிறந்த சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவன் தந்தை ஓரியின் முற்றத்தில் ஆடியவர். அவன் உண்ட சோறு ஓரியின் சோறு. ஓரி மடிகிறான், மலை சேரர் கைக்குப் போகிறது. பசி வருகிறது. அருகில் பாடி வாழத்தக்க வள்ளல் யார்? திருக்கோவலூர்க் காரிதான்! யாழை எடுத்துக்கொண்டு அவன் அங்கே போவதா? போனால், தன் தலைவனைக் கொன்றவனை எச்சொல்லால் பாடுவது? போகாவிடில், வீட்டிலிருக்கும் தங்கையின் பசிக்கு என்ன மறுமொழி? அங்குச் சென்று, காரியின் முகத்திலும் கனிவைக் காணும்போது அவன் உள்ளம் என்னாகும்? இவ்வினாக்களை எதிர்கொள்ளும் நாளே அச்சிறுவன் ஆடவனாகும் நாள். வாளேந்தும் நாளைவிட அது கடினமான நாள்.

இக்கதையை எழுதப் புகுவோர் கற்பனையை எங்கு நிறுத்த வேண்டும் என்பதும் அறிந்திருத்தல் வேண்டும். இன்று கொல்லியில் செழிக்கும் அன்னாசியும் மரவள்ளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. காப்பியும் கடல் கடந்து வந்ததே. ஓரி காலத்துச் சிறுவனின் கையில் தினையும் தேனும் பலாச்சுளையும் இருக்கலாம். அன்னாசித் துண்டு இருத்தல் ஆகாது. கொல்லி அறைப்பள்ளியைத் தேவாரம் குறிப்பிடினும், அது ஓரிக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது. ஆகவே இன்று காணும் கோபுரத்தைக் கதைக்குள் நிறுத்துதல் காலவழு. மலையில் இன்று வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையே, தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தோர் என்னும் வாய்மொழி வழக்கு உண்டு. அவர்களை அப்படியே ஓரியின் குடிகளாக்கிவிடுவது அவர்தம் நினைவுக்கே அநீதி இழைப்பதாகும். பாடல்களில் வரும் கொல்லிப்பாவையைக் கதையில் காட்டலாம். ஆனால் அதைச் சிறுவன் கேட்ட பழங்கதையாகவே காட்டுதல் வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் பிள்ளைகளின் கதைக்குத் தேவைதானா என வினவுவோர் உளர். பெரியோர்க்கான கதையைவிட இதற்கே அது மிகுதியும் தேவை. பெரியவர் பொய்யைப் பின்னர்த் திருத்திக்கொள்வர். பிள்ளை முதலில் படித்ததையே மெய்யெனக் கொண்டு வளரும். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை நிற்கிறது. ஆடிப் பெருக்கையொட்டி அங்கே அரசு விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டியும் நடைபெறுவதுண்டு. ஓரியைப் போற்றுவது தக்கதே. ஆயினும், ஓரி நல்லவன், ஆகவே காரி கொடியவன் என்று ஒரு பிள்ளை முடிவு கட்டுமானால், அது வரலாற்றைப் படித்ததாகாது. கட்சி சேர்ந்ததாகவே ஆகும். அப்படி வளரும் பிள்ளை, நாளை தன் தெருவிலும் பள்ளியிலும் அண்டை வீட்டிலும் மனிதரை இரண்டாகப் பிரித்தே பார்க்கப் பழகும்.

பழந்தமிழ்ப் புலவர்கள் அவ்வாறு பிரிக்கவில்லை. காரியின் ஈகையைப் பாடிய கபிலரின் நாவு, ஓரியின் தெருவில் எழுந்த ஆரவாரத்தை மறைக்கவும் இல்லை. கொடுத்ததைக் கொடுத்தது என்றும், கொன்றதைக் கொன்றது என்றும் அவர்கள் சொல்லிவைத்தனர். ஒன்றைச் சொல்ல மற்றொன்றை அழிக்கவில்லை. நம் இல்லங்களில் இரவு உணவுக்குப் பின் பிள்ளைகளைச் சுற்றி அமர்த்திக் கதை சொல்லும் பெற்றோரும் பாட்டிமாரும், இளையோர்க்கு எழுத முனையும் எழுத்தாளர்களும் கபிலரின் அந்த நேர்மையைக் கைக்கொள்ளல் வேண்டும். ஓரியின் கதையைச் சொல்லுங்கள்; சொல்லி முடிந்ததும், காரியும் வள்ளலே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளை முகம் சுளித்து, “அதெப்படி?” என்று கேட்குமானால், அவ்வினாவுக்கு அவசரப்பட்டு விடை கூறிவிடாதீர்கள். அந்த வினாவோடு அது சில நாள் வாழட்டும்.