பந்தியும் இலை எடுப்பவரும்



விடுதியில் இருந்தபோது திண்டுக்கல் மண்டபங்களில் அழைப்பில்லாமல் போய் உட்கார்ந்த கல்யாணப் பந்திகள் நினைவிருக்கிறதா? பரிமாறுபவரைத்தான் நாம் பார்ப்போம். இலை எடுப்பவரைப் பார்த்ததே இல்லை. அவர் அவசரப்பட்டால் சாப்பிடுபவருக்கு இடைஞ்சல். தாமதித்தால் அடுத்த பந்திக்கு இடமில்லை. "நீ என்னப்பா வேலை பார்க்கிறே?" என்று ஊரில் கேட்டால், "இலை எடுக்கிறேன்" என்பேன். பல சர்வர்களில் பரவிக் கிடக்கும் தகவல் கிடங்கில்!

இந்த வேலைக்கும் வரலாறு உண்டு. 1991-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மெண்டல் ரோசன்பிளம், ஜான் அவுஸ்டர்ஹவுட் இருவரும், பழையதன்மேல் எழுதாமல் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும் கோப்பு முறையை வெளியிட்டார்கள். எழுதுவது வேகம், ஆனால் குப்பை சேரும். அதை இரவிலோ, வேலை குறைந்த நேரத்திலோ கூட்டிக்கொள்ளலாம் என்பது அவர்கள் சொன்ன ஒரு யோசனை.

இணையம் வந்ததும் அந்த இரவே இல்லாமல் போயிற்று. நமக்கு ராத்திரி என்றால் அமெரிக்காவில் பகல். 2007-ல் அமேசானின் 'டைனமோ' பற்றி ஒன்பது பேர் எழுதிய கட்டுரையில் (சுவாமிநாதன் சிவசுப்ரமணியனும் அதில் ஒருவர்) ஒரு தீர்வு வந்தது. பிரதிகளைச் சரிபார்ப்பது போன்ற பின்னணி வேலைகள் வாடிக்கையாளரின் வேலையை இடித்தன. ஆகவே கடந்த 60 விநாடிகளில் நூற்றுக்கு 99 வாசிப்புகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்று கணக்கிட்டார்கள். அது 50 மில்லி விநாடி போன்ற ஓர் எல்லையை நெருங்கினால் பின்னணி வேலை அடங்கும்.

2008-ல் பேஸ்புக் வெளியிட்ட கசாண்ட்ராவில் அழிப்பதும் ஒரு எழுத்துதான். 'அழிந்தது' என்று குறி விழும். பிறகு கோப்புகளை ஒன்றுசேர்த்துக் கூட்டும்போதுதான் இடம் காலியாகும். அந்த வேலைக்கு 2011-ல் வந்த 0.8 பதிப்பு, ஒவ்வொரு சர்வரிலும் விநாடிக்கு 16 மெகாபைட் என்று கடிவாளம் போட்டது. 2021-ல் 4.0 பதிப்பில் அது 64 ஆயிற்று.

இனி என் கதை. நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில் தீபாவளி விற்பனை நேரம். வேகம் போதவில்லை என்று புகார். கடிவாளத்தை 1-க்கு இறுக்கினேன். பக்கங்கள் பறந்தன, பாராட்டும் கிடைத்தது. தளர்த்த மறந்துவிட்டேன்! சில நாட்களில் கூட்டாத கோப்புகள் குவிந்து டிஸ்க் நிரம்பியது. கூட்டுவதற்கே கொஞ்சம் காலியிடம் வேண்டும், அதுவும் இல்லை. அன்று இரவுப் பணியில் இருந்த பையன் வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான். மறுநாள் கூட்டத்தில் எல்லாரும் அவனையே கேள்வி கேட்டார்கள். "இறுக்கினது நான்தான்" என்று சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. டிஸ்க்கை இரண்டு நாளில் சரிசெய்துவிட்டோம். அந்த அரை மணி இன்னும் உறுத்துகிறது.

இப்போதெல்லாம் கடிவாளத்தை இறுக்கினால், தளர்த்தும் நாளையும் என் பெயரையும் பக்கத்திலேயே எழுதிவைக்கிறேன்.

வேறென்ன, சந்திப்பு நாள் விருந்தில் பார்ப்போம். இலையை மடிச்சிட்டு எழுந்திரிக்கும்போது, அதை எடுக்க வருகிறவரையும் ஒரு தரம் பாருங்கள். நம்ம ஆளு அவர்!