கரிகாலனைக் கொன்றது யார்? அம்மா கேட்ட ஒரு கேள்வி

2023 செப்டம்பரில் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து அந்த மாதம் 8ஆம் தேதி திடீரென்று காலமானார். இனி கதையில் குணசேகரனை என்ன செய்வார்கள்? சாகடிப்பார்களா, வேறு ஆளைப் போடுவார்களா? கேளம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக் கீழே சாயங்காலம் கூடும் பெண்மணிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். என் அம்மா, "செத்துட்டார்னு காட்டிட்டுப் போயிடணும், அதான் மரியாதை" கட்சி. கடைசியில் வேல ராமமூர்த்தி வந்தார். 'இவருக்குப் பதில் இவர்' என்பது தமிழ் சீரியல் உலகின் பழைய சட்டம்தானே!

நான் சும்மா இருக்காமல், 2000இல் தொடங்கிய 'கியோங்கி சாஸ் பி கபி பஹூ தீ' இந்தித் தொடர் கதையைச் சொன்னேன். அதில் மிஹிர் செத்துப்போனதாகக் காட்டியதும் பார்வையாளர்கள் கொதித்துப் போனார்கள். மிஹிரை உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "டிவிக்காரங்களுக்கு என்ன, நாம சத்தம் போட்டா பொழைக்க வெச்சிடுவாங்க. கல்கி கரிகாலனைப் பொழைக்க வைக்க முடியுமா?"

இந்தக் கட்டுரைக்கு விதை அந்த ஒரு வரிதான்.

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை கல்கி இதழில் வாரா வாரம் வந்தது. பாட்டி அந்தப் பக்கங்களைக் கிழித்து, மணியம் படங்களோடு பைண்டு பண்ணி வைத்திருந்தார். ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவில் ஏழு நாள் சண்டை நடக்கும் என்று அம்மா கேட்டு வளர்ந்திருக்கிறார். இன்றைய சீரியல் சண்டைக்கும் அதற்கும் ஒரே ஒரு வித்தியாசம். ஆதித்த கரிகாலன் சாக வேண்டும் என்பது கல்கி எடுத்த முடிவல்ல. அவன் ஏறத்தாழ ஆயிரம் வருடம் முன்பே கொலையானவன். அதனால் 'சாகடிக்கலாமா' என்று கேட்க வழியில்லை; 'யார் கொன்றது' என்பது மட்டுமே மிச்சம்.

அதையும் கல்கி முடிச்சுப் போட்டுத்தான் வைத்தார். கடம்பூர் மாளிகையில் இருட்டில் கொலை நடக்கிறது. பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. மணிமேகலை "நான்தான் கொன்றேன்" என்கிறாள். பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன் மேல் ஏற்றுக்கொள்கிறார். கதை முடிந்த பிறகும் வாசகர்கள் விடவில்லை. இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்ற கேள்விகளுக்குத் தனியாக ஒரு முடிவுரையே எழுதினார் கல்கி. அதே 1954 டிசம்பர் 5ஆம் தேதி அவர் மறைந்துவிட்டார். சண்டை மட்டும் மறையவில்லை.

"இதுல என்னம்மா மர்மம்? உத்தம சோழன்தான் ஆள் வெச்சுக் கொன்னான். உடையார்குடி கல்வெட்டுலயே இருக்கு" என்றேன், ஏதோ நேரில் பார்த்தவன் மாதிரி.

"கல்வெட்டை நீ படிச்சியாடா?"

படிக்கவில்லை. பத்து வருடமாக அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூட மூலத்தைப் பார்க்கவில்லை. ஆபீஸில் ஒரு ஜூனியர் லாக்கைத் திறந்து பார்க்காமல் "டேட்டாபேஸ்தான் சார் பிரச்சினை" என்றால் எனக்கு எவ்வளவு கோபம் வரும்!

ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். சிதம்பரம் தாண்டி காட்டுமன்னார்கோயில். நாவல் தொடங்கும் அதே வீராணம் ஏரிப் பக்கம். உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது கல்வெட்டு. தேய்ந்த எழுத்துகளில் என்னால் பாதிகூடப் படிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, அச்சில் வந்த பாடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கல்வெட்டு என்ன சொல்கிறது? இராசகேசரி என்ற பட்டம் கொண்ட மன்னனின் இரண்டாம் ஆட்சியாண்டு. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் ஓலை அனுப்புகிறான். பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சிலரைப் பெயர் சொல்லி, அவர்கள் நிலங்களையும், அவர்களுடைய உறவினர் நிலங்களையும் எடுத்து விற்கச் சொல்கிறான். சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் ஆகிய சகோதரர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். கல்கியின் சதிகாரர்களுக்குப் பெயர் வந்தது இங்கிருந்துதான். அப்படி விற்ற நிலத்தை ஒருவர் வாங்கி அறக்கட்டளைக்குக் கொடுத்தார். அந்தக் கொடையைப் பதிவு செய்யத்தான் இவ்வளவும் கல்லில் ஏறியிருக்கிறது.

அதாவது, இது கொலை வழக்கின் தீர்ப்பு அல்ல. நிலப் பத்திரம். நிலம் எப்படி விற்பனைக்கு வந்தது என்பதற்குத் தேவையான அளவு மட்டும் கொலையைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள், யார் ஏவினார்கள், அவர்களைக் கொன்றார்களா துரத்தினார்களா, ஒன்றுமே இல்லை. உத்தம சோழன் பெயர் மருந்துக்கும் கிடையாது.

அப்படியானால் உத்தமன் எங்கிருந்து உள்ளே வந்தான்? கதையில் இருக்கும் ஓட்டையிலிருந்து. கரிகாலன் இறந்தது சுமார் 970. பிறகு உத்தம சோழன் 985 வரை ஆண்டான். கல்வெட்டு இராசராசனின் இரண்டாம் ஆண்டு என்று கொண்டால், சுமார் 987. பதினைந்து வருடத்துக்கு மேல் கொலைகாரர்களின் நிலத்தை ஏன் யாரும் தொடவில்லை? கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் உத்தமன் மேல் சந்தேகப்பட்டார். திருவாலங்காட்டுச் செப்பேடும் துணைக்கு வந்தது. மக்கள் அழைத்தும் அருள்மொழி அரியணை ஏறவில்லை, சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தான் என்கிறது அது.

தி.வை. சதாசிவ பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. மறுப்புப் பக்கத்துக்கும் வலு இருக்கிறது. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் ஆட்சியில் கோயில்களை விசாரிக்கும் பெரிய அதிகாரி. இராசேந்திரனின் இயற்பெயரே மதுராந்தகன். அது உத்தமனின் பெயரும்தான். அண்ணனைக் கொன்றவன் பெயரை யாராவது மகனுக்கு வைப்பார்களா?

பாண்டியர் பழிவாங்கினார்கள் என்ற கட்சிக்கு, கல்வெட்டில் வரும் 'பாண்டியன் தலைகொண்ட' என்ற அடைமொழியும் 'பஞ்சவன்' என்ற சொல்லும் பலம். பஞ்சவன் என்றால் பாண்டியன். ஆனால் தம்பி பெயரில் இருப்பது 'இருமுடிச்சோழன்'. ஒரே வீட்டில் ஒரு பட்டம் பாண்டியப் பக்கம் காட்டுகிறது, இன்னொன்று சோழப் பக்கம். பிரம்மாதிராஜன் என்பது பிராமண அதிகாரிகளுக்குத் தரும் பட்டம் என்பதால், இதைப் பிடித்துக்கொண்டு இன்றைய சாதிச் சண்டைக்குத் தீர்ப்பு எழுதுகிறவர்களும் உண்டு. அந்த நிலப் பத்திரம் அவ்வளவு பாரம் தாங்காது.

சீரியலில் ஓட்டை இருந்தால் எழுதியவரைத் திட்டலாம். வரலாற்றில் ஓட்டை என்பது ஆதாரம் கிடைக்காத இடம். அதை நாம் கதையால் அடைக்கிறோம். கல்கி அடைத்தார், ஆனால் நாவல் என்று சொல்லி அடைத்தார். நான் அடைத்தேன், கல்வெட்டில் இருக்கிறது என்று சொல்லி. தப்பு என்னுடையதுதான்.

அம்மாவிடம் போய் ஒத்துக்கொண்டேன். "மூணு பேர் பேரு நிச்சயம்மா. ஏவினது யாருன்னு கல்வெட்டுல இல்ல."

"அப்போ நந்தினி?"

"அவ கல்கியோட கற்பனை. கல்வெட்டுல கிடையாது."

"ஏவினவன் பேரும்தான் இல்லைங்கற. அதுக்காக ஏவினவனே கிடையாதுன்னு ஆயிடுமா?"

ஆகாதுதான். ஆனால் இருந்தான் என்று சொல்லவும் என் கையில் ஒன்றுமில்லை என்றேன். அம்மாவுக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. "சரி, விளம்பரம் முடிஞ்சுது, நகரு" என்றார்.