முன்கண்ணாடியில் விரிசலா? லோட்டஸ் முதல் மைவி வரை வாகனமோட்டிகள் அறிய வேண்டியவை

நெடுஞ்சாலையில் முன்னே செல்லும் லோரியின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் ஒரு சிறு கல் போதும், காரின் முன்கண்ணாடியில் புள்ளி விழுந்துவிடும். செம்பனைத் தோட்டத்துச் சரளைச் சாலையில் தினமும் போய் வருபவர்களுக்கு இது புதிதல்ல. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டால், வெயிலில் காய்ந்து நின்ற காரில் குளிர்சாதனத்தைப் போட்ட சிறிது நேரத்திலேயே அந்தப் புள்ளி நீண்ட விரிசலாக ஓடிவிடலாம்.

கண்ணாடி மாற்றுவது எளிய வேலை என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மையில் காரின் பாதுகாப்பு புதிய கண்ணாடியை மட்டும் நம்பி இல்லை. அதை ஒட்டும் பசையும், அந்தப் பசை இறுகக் கொடுக்கும் நேரமுமே முக்கியம். இதைப் புரிந்துகொள்ள மலேசியாவோடு தொடர்புள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் காரே நல்ல எடுத்துக்காட்டு.

மலேசியாவும் லோட்டஸும்

பிரிட்டனின் நோர்ஃபோக் வட்டாரத்தில் உள்ள ஹெத்தெலில் இயங்கும் லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பங்கை 1996ஆம் ஆண்டு புரோட்டோன் வாங்கியது. 2017ஆம் ஆண்டு சீனாவின் ஜீலி 51 விழுக்காட்டையும், மலேசியாவின் எத்திகா ஆட்டோமோட்டிவ் 49 விழுக்காட்டையும் பெற்றன. இந்தக் காலக்கட்டத்தின் புகழ்பெற்ற கார் லோட்டஸ் எலீஸ். 1996 முதல் 2021 வரை தயாரிக்கப்பட்டது. முதல் தலைமுறைக் காரின் எடை சுமார் 725 கிலோ மட்டுமே.

எடை குறைந்ததற்குக் காரணம் அதன் கட்டமைப்பு. அலுமினியச் சட்டங்களைப் பசையால் ஒட்டி அடிச்சட்டம் அமைத்தார்கள். அதன் எடை சுமார் 68 கிலோ. மேற்பாகம் கண்ணாடியிழைக் கலவையால் ஆனது. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டமும் அதே கலவைதான். நடுவில் ஒரே ஒரு வைப்பர் மட்டும் இருக்கும்.

சாதாரணக் காரில் கண்ணாடி இரும்புச் சட்டத்தில் ஒட்டப்படுகிறது. பழைய பசையை அறுக்கும்போது கத்தி பட்டுச் சாயம் கீறினால், அந்த இடத்தில் துருப் பிடிக்கும். எலீஸில் துருப் பிடிக்காது. ஆனால் கத்தி ஆழமாக இறங்கினால் கலவைச் சட்டமே பிளந்துவிடும். புதிய பசைக்குச் சரியான பிடிமானம் இருக்காது, மழைநீரும் உள்ளே இறங்கும். ஆகவே, இத்தகைய காரைக் கண்ணாடியிழை வேலையில் பழக்கம் உள்ள பட்டறையில் கொடுப்பதே நல்லது. கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் காத்திருக்கவும் வேண்டும்.

கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது?

முன்கண்ணாடி ஒரே தகடு அல்ல. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு நெகிழிப் படலம் இருக்கும். அதன் தடிமன் வழக்கமாக 0.76 மில்லிமீட்டர். அடிபட்டால் கண்ணாடி உடைந்தாலும், சில்லுகள் சிதறாமல் அந்தப் படலம் பிடித்துக்கொள்ளும். பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனெடிக்டஸ் இத்தகைய அடுக்குக் கண்ணாடிக்கு 1909ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார்.

கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை ஒன்று தெரியும். அது அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. வெயிலின் புற ஊதாக் கதிர் பசையைக் கெடுக்காமல் அது தடுக்கிறது. புதிய கண்ணாடி வாங்கும்போது அதன் மூலையில் உள்ள குறிகளைப் பார்க்க வேண்டும். வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும், அருகில் '43ஆர்' என்ற குறியும் இருந்தால், அது ஐநா ஒழுங்குமுறைக்கு உட்பட்டு அங்கீகரிக்கப்பட்ட கண்ணாடி என்று பொருள்.

பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

ஏறக்குறைய 50 சென் நாணயத்தால் மூடிவிடக்கூடிய புள்ளியாக இருந்தால், பிசின் செலுத்தி அடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அது ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் இருக்கக்கூடாது. விரிசல் ஓரம் வரை ஓடியிருந்தாலோ, உள்பக்கத் தகடும் உடைந்திருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும்.

பட்டறைக்குப் போகும்வரை புள்ளியின் மேல் ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டி வைக்கலாம். தூசியும் மழைநீரும் புகுந்தால் பிசின் சரியாகப் பிடிக்காது. சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றக்கூடாது.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

• பழைய பசையை முழுதாகச் சுரண்டி எடுக்காமல், 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவுக்கு விட்டு, அதன்மேல் புதிய பசையை இடுவதே முறை.

• கீறல் விழுந்த இடத்துக்கு அடிப்பூச்சு கொடுக்க வேண்டும். பசை ஒட்டும் இடத்தில் கைவிரல் எண்ணெய்கூடப் படக்கூடாது.

• பசை இடுவதற்கு முன் கண்ணாடியை ஒருமுறை வைத்துப் பார்த்து, இடைவெளி நான்கு பக்கமும் சமமாக உள்ளதா என்று உறுதி செய்ய வேண்டும். எலீஸ் போன்ற காருக்கு இது மிக அவசியம்.

• 'எப்போது ஓட்டலாம்?' என்று கேட்க வேண்டும். பசையின் வகையைப் பொறுத்து ஒரு மணி நேரமும் ஆகலாம், பல மணி நேரமும் ஆகலாம். பசை டப்பாவில் அச்சிட்ட நேரத்தையே நம்ப வேண்டும்.

• முதல் நாள் சன்னலைச் சற்று இறக்கி வைக்க வேண்டும். எல்லாச் சன்னலையும் மூடிவிட்டுக் கதவை ஓங்கி அடித்தால், உள்ளிருக்கும் காற்று புதிய கண்ணாடியை வெளியே தள்ளும். கார் கழுவும் நிலையத்துக்கும் உடனே போகக்கூடாது.

பல கார்களில் பயணியின் பக்கத்துக் காற்றுப்பை விரியும்போது முன்கண்ணாடியில்தான் சாய்ந்து நிற்கிறது. பசை இறுகாத நிலையில் விபத்து நேர்ந்தால், கண்ணாடி பெயர்ந்து காற்றுப்பை பயனற்றுப் போகும். அவசரப்பட்டு வண்டியை எடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

புதிய மைவி போன்ற கார்களில் கண்ணாடிக்குப் பின்னே பாதுகாப்பு உதவிக் கேமரா உண்டு. கண்ணாடி மாற்றிய பின் அதைச் சரிபார்த்துச் சீரமைக்க வேண்டியிருக்கலாம். கண்ணாடியில் ஒட்டிய டோல் ஆர்எஃப்ஐடி ஒட்டியைப் பிய்த்து மறுபடி பயன்படுத்த முடியாது, புதிதாக வாங்க வேண்டும். கறுப்புப் படலம் ஒட்டுவோர் 2019ஆம் ஆண்டு விதியை நினைவில் கொள்ள வேண்டும்: முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும்.

காப்புறுதி: கையெழுத்திடும் முன் பாருங்கள்

முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும், முன்கண்ணாடிக்கான கூடுதல் காப்பு தானாக வந்துவிடாது. அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பொதுவாக, கண்ணாடிக்கென்று குறிப்பிடும் தொகையில் 15 விழுக்காடு கட்டணமாகும். உதாரணமாக 800 ரிங்கிட் காப்புக்கு 120 ரிங்கிட், 3,000 ரிங்கிட் காப்புக்கு 450 ரிங்கிட். சேவை வரி தனி. கறுப்புப் படலத்தின் விலையையும் அந்தத் தொகையில் சேர்த்துக்கொள்வது நல்லது.

இந்தக் கூடுதல் காப்பின்கீழ் இழப்பீடு கோரினால், கோரிக்கை இல்லாதவருக்குத் தரப்படும் என்சிடி தள்ளுபடி குறையாது. அது இல்லாமல் முதன்மைக் காப்புறுதியில் கோரினால் தள்ளுபடி முழுதும் போய்விடும். தனியார் காருக்கு உச்ச அளவான 55 விழுக்காட்டை மீண்டும் எட்ட, 25, 30, 38.33, 45 என ஐந்து ஆண்டு ஏற வேண்டும். அடிப்படைக் கட்டணம் 2,000 ரிங்கிட் என்றால், 900 ரிங்கிட் கட்டியவர் மறு ஆண்டே 2,000 ரிங்கிட் கட்ட நேரும்.

ஒருமுறை கோரியபின் கண்ணாடிக் காப்பு முடிந்துவிடும். மீதி மாதங்களுக்கும் வேண்டுமானால் மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பட்டறைக்குப் போகும் முன் காப்புறுதி நிறுவனத்தை அழைத்து, அதன் அனுமதிப் பட்டியலில் உள்ள கடைகளைக் கேட்டுக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

அடுத்த முறை சாலை வரியும் காப்புறுதியும் புதுப்பிக்கும்போது, கண்ணாடிக் காப்பு சேர்ந்திருக்கிறதா, எவ்வளவு தொகைக்கு என்று முகவரிடம் கேட்டுப் பாருங்கள்.