தொட்டில் மீது பழி

கோவளம் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கினால் அலைகடல். மேற்கே திரும்பினால் முட்டுக்காட்டுக் கழிமுகம். அதனோடு கலந்து செல்லும் பக்கிங்காம் கால்வாய். தெற்கே சில கல் தொலைவில் நெம்மேலி. அங்கே 2013-ஆம் ஆண்டு முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இயங்குகிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் அந்த ஆலை போதாமல், 15 கோடி லிட்டர் தரும் இன்னோர் ஆலையும் 2024-இல் திறக்கப்பட்டது. ஏரியும் கிணறும் தந்த நீரை அருந்தி வாழ்ந்த மக்கள் இன்று கடலை வடிகட்டிக் குடிக்கின்றனர்.

ஏன் இந்த நிலை என்று கேட்டால், "மக்கள் பெருத்துவிட்டனர், பூமி தாங்கவில்லை" என்ற விடை ஆயத்தமாக வருகிறது. பெருகியது உண்மை. 1901-இல் ஏறத்தாழ 1.92 கோடியாக இருந்த தமிழகத்தின் மக்கள் தொகை 2011-இல் 7.21 கோடி. உலக மக்கள் தொகை 2022-இல் 800 கோடியைத் தொட்டது. இந்த எண்களை மறுப்பது பகுத்தறிவாகாது. ஆனால், எண்களைக் காட்டி எவர் தலையில் பழியைச் சுமத்துகின்றனர் என்று கேளாதிருப்பதும் பகுத்தறிவாகாது. அந்தக் கேள்விக்குரிய விடையின் முதற்பகுதி, மேற்கே கிடக்கும் அந்தக் கால்வாயிலேயே இருக்கிறது.

1876-இல் மழை பொய்த்தது. பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம் என மாவட்டம் மாவட்டமாகப் பஞ்சம் பரவிற்று. எலும்பும் தோலுமாய் மக்கள் சென்னை நோக்கி நடந்தனர். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி, 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன். கால்வாய்க்கு அவர் பெயர் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண் சுமந்தவர்களின் பெயரை எழுதி வைக்க எவரும் இல்லை.

1877 சனவரி முதல் நாள், விக்டோரியா அரசியாரை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க லிட்டன் பிரபு டில்லியில் பெருவிழா எடுத்தார். அதே திங்களில், பஞ்சச் செலவைச் சுருக்குவதற்காகச் சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். நாள் முழுதும் உழைக்கும் ஓர் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம், ஓர் அணா என்று கூலி வகுத்தார். இது உயிரைத் தாங்காது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் போராடிய பிறகே அந்த அளவு உயர்த்தப்பட்டது. இத்தனைக்கும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிறுத்தப்படவில்லை. களஞ்சியத்தில் நெல் இருந்தது; ஏழையின் மடியில் காசு இல்லை. 1881-இல் கணக்கெடுத்தபோது, சென்னை மாகாணத்தின் மக்கள் தொகை பத்தாண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிடக் குறைந்திருந்தது.

ஆண்டவர்கள் இதற்கு என்ன காரணம் கூறினர்? மக்கள், நிலம் தரும் உணவைவிட விரைவாகப் பெருகுகின்றனர் என்றார் லிட்டன். இது அவர் கண்டுபிடித்த தத்துவமன்று. 1798-இல் மால்தூஸ் எழுதிய நூலின் சாரம் அது. அந்த மால்தூஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர்களைப் பயிற்றுவித்த ஹெய்லிபரி கல்லூரியில் 1805 முதல் பேராசிரியராக இருந்தவர். பசிக்குக் காரணம் தொட்டில் என்ற பாடம், ஆள வந்தவர்களுக்குப் பள்ளியிலேயே புகட்டப்பட்டது! களஞ்சியத்தின் பூட்டைப் பற்றிப் பேசாமல் தொட்டிலைப் பற்றி மட்டும் பேசுவது ஆள்வோருக்கு எவ்வளவு வசதி!

பஞ்சம் கொன்று குவித்த அதே 1877-இல், இலண்டனில் ஒரு வழக்கு நடந்தது. கருத்தடை முறைகளை விளக்கிய நூலொன்றை மறுபதிப்புச் செய்ததற்காக நாத்திகர் பிராட்லாவும் அன்னி பெசண்டும் கூண்டில் ஏற்றப்பட்டனர். குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. பின்னர் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு தள்ளப்பட்டது. அந்த அலை சென்னைக்கும் வந்தது. 'தத்துவ விவேசினி' ஏட்டை நடத்திய சென்னை இலௌகிக சங்கத்தார் காலத்திலேயே, 1882-இல், மால்தூசியச் சங்கம் ஒன்று இங்கே தோன்றியது. அன்னி பெசண்டோ பிரம்மஞானத்தைத் தழுவியதும், கருத்தடையை ஆதரித்துத் தாம் எழுதிய நூலையே விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார். பிற்காலத்தில் பிரம்மஞான சபைத் தலைவராக அவர் வீற்றிருந்த இடம், பஞ்சத்தார் கால்வாய் வெட்டிய அதே அடையாறு! வழக்குமன்றம் பறிக்க முடியாத துணிவை மதம் பறித்துக்கொண்டது.

1928-இல் சென்னையில் புதிய மால்தூசியச் சங்கம் பிறந்தது. உயர்நீதிமன்ற நீதிபதி வேப்பா ராமேசம் போன்ற பெரியோர்கள் அதில் இருந்தனர். நாட்டின் வறுமை தீர, குடும்பத்தின் நலம் காக்க, பிள்ளைப்பேறு குறைய வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதே காலத்தில் 'குடி அரசு' ஏட்டில் பெரியாரும் கருத்தடையை ஆதரித்து எழுதினார். ஆனால், அவர் காட்டிய காரணம் வேறு. நாட்டுப் பொருளாதாரம், உடல்நலம், சொத்துப் பாகப்பிரிவினை என்று மற்றவர்கள் அடுக்கிய காரணங்களுக்கு அப்பால், பெண் விடுதலை பெறவும் தன் வாழ்வைத் தானே ஆளவும் கருத்தடை வேண்டும் என்றார். ஒரு தரப்பார் பெண்ணின் கருப்பையை நாட்டுக் கணக்கில் வரவு வைத்தனர். இவரோ அதைப் பெண்ணிடமே ஒப்படைக்கச் சொன்னார். 1929 பிப்ரவரியில், கோவளம் அடங்கிய மாவட்டத்தின் செங்கற்பட்டு நகரிலேயே கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் கேட்டது. உரிமையற்றவளிடம் மருந்தைக் கொடுத்துப் பயன் என்ன?

இந்த வேறுபாடு வெறும் சொல் வேறுபாடன்று. பெண்ணின் விருப்பம் கேளாமல் எண்ணிக்கையை மட்டும் குறைக்கப் புகுந்தால் என்ன நேரும் என்பதை நெருக்கடி நிலைக் காலம் காட்டிற்று. 1976-77-இல் இந்தியாவில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. வடபுலத்தில் ஏழைகளை வளைத்துப் பிடித்து, இலக்கைக் காட்டி அறுத்தனர். மக்கள் அந்த ஆட்சியையே தேர்தலில் அறுத்தெறிந்தனர். குடும்ப நலத் திட்டமும் பல்லாண்டுகள் பின்தங்கிற்று.

தமிழகமோ வேறு வழியில் நடந்தது. பெண் படித்தாள், மணவயது உயர்ந்தது, பிறந்த குழந்தை பிழைத்தது. பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தால் பத்துப் பெற எந்தத் தாய் விரும்புவாள்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே ஒரு பெண் பெறும் குழந்தைகள் சராசரி 1.8. மக்கள் தொகை நிலைநிற்கத் தேவையான 2.1-க்கும் கீழே!

தோழர்களே, இங்கே மகிழ்ந்து நின்றுவிட வேண்டா. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. கருவுறும் வயதில் உள்ள மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். அறுவை செய்துகொண்ட ஆண்களோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதனினும் எளிய அறுவை ஆணுக்குரியது என்று மருத்துவம் கூறியும் இல்லை! மேடையில் பெண் விடுதலை பேசி, மனைவியை மட்டும் அறுவை மேசைக்கு அனுப்புவது எந்தச் சுயமரியாதை?

சரி, தொட்டில் குறைந்தது. தண்ணீர் ஏன் நிறையவில்லை? தாம்பரத்தின் கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பாருங்கள். சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயில் சேர்த்து, கோவளம் கழிமுகத்தில் கடலுக்கு அனுப்பும் இயற்கையின் தேக்கம் அது. அதன் பெரும்பகுதியைக் குப்பை மேடும் கட்டடங்களும் விழுங்கின. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் தண்ணீர் வந்தது. குடிசையில் பிறந்த குழந்தையா சதுப்பு நிலத்தைப் பட்டா போட்டது?

பூமிக்கு எல்லை உண்டு. அதை மறுப்பவன் மூடன். ஆனால் அந்த எல்லையை எல்லாரும் ஒரே அளவில் முட்டவில்லை. சராசரி அமெரிக்கர் ஒருவர் வெளிவிடும் கரியமில வாயு, சராசரி இந்தியர் வெளிவிடுவதைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. தலையை எண்ணினால் மட்டும் போதாது; தட்டையும் எண்ண வேண்டும்.

ஆகவே, "மக்கள் பெருத்துவிட்டனர்" என்று இனி எவரேனும் சொன்னால், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பெறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை பெண்ணிடம் இருக்கிறதா? களஞ்சியத்தின் திறவுகோல் யாரிடம் இருக்கிறது? 1877-இல் மண் சுமந்தவர்கள் இவற்றைக் கேட்கும் நிலையில் இல்லை. நாம் இருக்கிறோம்.