16 கட்டங்களில் ஒரு முகம்

பாத்திரம் என்ற சொல்லை நாவலுக்கும் நாடகத்துக்கும் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டோம். கம்ப்யூட்டர் திரையில் ஓடிக் குதிக்கும் பொம்மைக்கு அதைத் தர நம்மில் பலருக்கு மனம் வருவதில்லை. அதற்காக நான் வாதாடப் போவதில்லை. ஜப்பானில் ஒரு தனிமனிதர், படிப்பும் சம்பள வேலையும் போக மிஞ்சிய நேரத்தில், ஐந்து வருஷம் உட்கார்ந்து செய்த விடியோ ஆட்டம் ஒன்றில் சில முகங்கள் வருகின்றன. அவற்றைப் பற்றியும் அவை வந்து சேர்ந்த சரித்திரத்தைப் பற்றியும் எழுத நினைக்கிறேன். அவை எழுப்பும் கேள்வி நமக்குப் பழக்கமான கேள்விதான்: படைக்கிறவன் எவ்வளவு சொல்லலாம், எவ்வளவை வாசகன் கையில் விட்டுவிட வேண்டும்?

அவர் பெயர் டைஸுகே அமாயா. பிறந்தது 1977-இல். படைப்புகளில் அவர் வைத்துக்கொண்டிருக்கும் பெயர் பிக்ஸல். திரையில் ஒரு படத்தை ஆக்கும் மிகச் சிறிய சதுரப் புள்ளியின் பெயர் அது. ஆட்டத்தின் பெயர் 'டோகுட்ஸு மொனொகடாரி', அதாவது குகைக் கதை. வெளியுலகம் அறிந்த பெயர் 'கேவ் ஸ்டோரி'. கல்லூரியில் படிக்கும்போது தொடங்கி, ஸாஃப்ட்வேர் வேலையில் சேர்ந்த பிறகும் விடாமல் செய்து, 2004 டிஸம்பர் 20-ஆம் தேதி இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். கதை, சித்திரம், ப்ரொக்ராம், இசை நான்கும் அவர் கைவேலை. இசை எழுதுவதற்கு வேண்டிய ஸாஃப்ட்வேரைக்கூட அவரே எழுதிக்கொண்டார்.

வேலை நடந்த விதம் கவனிக்கத் தக்கது. முதலில் அவர் செய்தது தலைப்புத் திரையும் சில இசைத் துணுக்குகளும். ஆட்டம் எங்கே நடக்கிறது என்பதே அப்போது முடிவாகவில்லை. நாற்புறமும் அடைத்த சில இடங்களை வரைந்து பார்த்திருக்கிறார். அவை சேர்ந்து குகையாகிவிட்டன. கதையும் போகிற போக்கில் தட்டுப்பட்டதுதான். இப்படி முன்யோசனை இல்லாமல் கட்டியதால் பின்னால் ப்ரொக்ராமைச் சமாளிப்பதில் மிகவும் சிரமப்பட்டார். ஆனால் அதே காரணத்தால் ஒவ்வொரு மூலையிலும் நின்று நிதானமாக ஏதாவது இழைக்க முடிந்தது. பாதி வளர்ந்த ஒரு வடிவத்தை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்கியதும் உண்டு. நண்பர்கள் சிலர் ஆடிப் பார்த்து அபிப்பிராயம் சொன்னார்கள். மேலே கணக்குக் கேட்க யாரும் இல்லை. சுதந்திரக் கலைஞன் என்று நாம் சற்றுப் பெருமிதத்தோடு சொல்வதன் நடைமுறை அர்த்தம் இவ்வளவுதான்: ஒன்றரை வருஷ வேலையைக் குப்பையில் போட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாதவன்.

இனி அந்த முகங்கள். இவற்றுக்கு ஒரு முன்சரித்திரம் இருக்கிறது. 1981-இல் நின்டெண்டோ கம்பெனியில் ஷிகெரு மியாமோட்டோ 'டாங்கி காங்' ஆட்டத்துக்காக ஒரு மனிதனை வரைய வேண்டியிருந்தது. அவருக்குக் கிடைத்த இடம் 16-க்கு 16 புள்ளிகள். நிறங்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. அத்தனை சிறிய இடத்தில் தலைமுடி பறப்பதைக் காட்ட முடியாது, எனவே தொப்பி. வாயும் மோவாயும் தெளிவாக விழாது, எனவே பெரிய மூக்கும் அதன் கீழே மீசையும். கை அசைவது உடம்பிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும், எனவே சட்டைக்கு மேல் வேறு நிறத்தில் தோள்பட்டையோடு ஒரு தொளதொள கால்சட்டை. பின்னால் மரியோ என்று உலகம் முழுவதும் பிரசித்தமான அந்த மனிதன் இப்படித்தான் பிறந்தான். அவனுடைய ஒவ்வொரு அடையாளமும் இயலாமைக்குச் சொல்லப்பட்ட ஒரு பதில். இரண்டு வருஷம் கழித்து, 1983-இல், அமெரிக்காவில் ஸூஸன் கேர் என்ற பெண்மணி ஆப்பிள் கம்பெனியின் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காகக் கட்டம் போட்ட நோட்டில் 32-க்கு 32 கட்டங்களை நிரப்பிச் சின்னங்கள் வரைந்தார். மெஷின் சரியாக இயங்குகிறது என்று சொல்லச் சிரிக்கும் ஒரு கம்ப்யூட்டர் முகம் அவற்றில் ஒன்று.

இவர்கள் இருவருக்கும் வறுமை மெஷினால் விதிக்கப்பட்டது. அமாயாவின் நிலை அப்படியில்லை. ஸோனியின் ப்ளேஸ்டேஷன் ஜப்பானில் வந்தது 1994-இல். அதன் இரண்டாவது பதிப்பு 2000-இல். முப்பரிமாணத்தில் மனிதர்கள் திரையில் நடந்து, ஆடையின் மடிப்புகூட அசையத் தொடங்கிவிட்ட காலம் அது. அந்த நேரத்தில் இவர் 320-க்கு 240 புள்ளி கொண்ட திரையை எடுத்துக்கொண்டு, அதில் 16-க்கு 16 கட்டத்துக்குள் கதாநாயகனை நிறுத்துகிறார். ஒரு ஆள் ஐந்து வருஷத்தில் முடிக்கக்கூடிய அளவு அதுதான் என்ற காரியார்த்தமான காரணம் நிச்சயமாக உண்டு. சிறு வயதில் ஆடிய 'மெட்ராய்ட்' போன்ற ஆட்டங்களின் மேல் இருந்த பிரியமும் உண்டு. ஆனால் எதனால் தேர்ந்தார் என்பதைவிட, தேர்ந்தபின் அதை வைத்து என்ன செய்தார் என்பதே விமர்சனத்துக்கு உரிய விஷயம்.

பாங்கில் என் அன்றாட வேலைகளில் ஒன்று, காசோலையில் உள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்ப்பது. முழுக் கையெழுத்தையும் யாரும் பார்ப்பதில்லை. ஒரு சுழி, ஒரு கொக்கி, கடைசி இழுப்பு திரும்பும் இடம் – இரண்டு மூன்று இடங்கள் போதும், ஆள் வந்துவிடுகிறார். மிகவும் அக்கறையாக, எழுத்து எழுத்தாக, சுத்தமாகப் போடப்பட்ட கையெழுத்தைத்தான் நாங்கள் இன்னொரு தடவை பார்ப்போம். அடையாளம் என்பது விவரங்களின் கூட்டுத்தொகை இல்லை என்பதை எனக்குக் கற்றுத் தந்தது அழகியல் புத்தகம் எதுவும் இல்லை, இந்த வேலைதான். நினைவில் இருப்பதை எழுப்பிவிடச் சரியான இடத்தில் ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

அமாயா செய்வது அதுதான். மிமிகா என்று ஒரு இனத்தைப் படைக்கிறார்: முயல் போல நீண்ட காது, வெள்ளை உடம்பு, கண்ணுக்கு இரண்டு புள்ளி. கதாநாயகன் சிவப்புத் தொப்பி அணிந்த ஒரு இயந்திர மனிதன். நினைவிழந்து குகையில் விழிக்கிறான். ஆட்டம் முழுவதும் பேசுவதில்லை. மற்றவர்கள் பேசும்போது வசனத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய முகம் சற்றுப் பெரிதாக, 48-க்கு 48 புள்ளியில் வருகிறது. சிலருக்குக் கோபத்துக்கு ஒன்று, சிரிப்புக்கு ஒன்று என்று. பேசாதவனுக்கு அப்படி ஒரு படம் கிடையாது. அவன் முகத்தை நாம் அருகில் பார்ப்பதே இல்லை. பெயரும் நெடுநேரம் தெரிவதில்லை. அவன் பெயர் க்வோட், அதாவது மேற்கோள் குறி. அவனைப் போலவே நினைவிழந்த இன்னொரு இயந்திரப் பெண்ணின் பெயர் கர்லி ப்ரேஸ், வளைந்த அடைப்புக் குறி. ப்ரொக்ராம் எழுதுகிறவன் கைக்குள் நாள் முழுவதும் புழங்கும் குறிகள் இவை. தாங்களாக அர்த்தம் எதுவும் இல்லாமல், உள்ளே இருப்பதைத் தாங்கிப் பிடிப்பதே இவற்றின் வேலை. பெயர் வைத்தவர் இவ்வளவு யோசித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் பாத்திரங்கள் அப்படித்தான் இருக்கின்றன – உள்ளே வைப்பது ஆடுகிறவனின் பொறுப்பு.

டொரோகோ என்ற சிறு மிமிகாவை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் இவள் நம்மைக் கண்டு மிரள்கிறாள். முன்பொரு காலம் இந்தத் தீவுக்கு வந்த இயந்திர மனிதர்கள் மிமிகாக்களைக் கொன்று குவித்தவர்கள். நாமும் அதே ஜாதி. தீவில் ஒரு சிவப்புப் பூ இருக்கிறது, மிமிகாவைத் தின்னவைத்தால் வெறி பிடித்த மிருகமாகிவிடும். டாக்டர் என்று மட்டும் அழைக்கப்படும் மனிதன் அதை டொரோகோவுக்குக் கொடுக்கிறான். அவளுடைய துணையாக இருந்த கிங் என்பவனும் அங்கேயே சாகிறான். பிறகு நாம் அவளைச் சுட்டுக் கொல்ல வேண்டும். வேறு வழி ஆட்டத்தில் வைக்கப்படவில்லை. அதுவரை எத்தனையோ ஜந்துக்களைச் சுட்டு வந்த அதே விரல், அதே பொத்தான். அந்த இடத்தில் எனக்கு ஏற்பட்ட சங்கடம், நிஜ முகம் போலவே செதுக்கிய பெரிய கம்பெனி ஆட்டங்களில் வரும் மரணங்கள் எதிலும் ஏற்படவில்லை. அவளுடைய இரண்டு புள்ளிக் கண்ணில் பயம் வரையப்பட்டிருக்கவில்லை. பயத்தை அங்கே வைத்தது நான். நானே வைத்ததை நானே கொல்வதால்தான் கை தயங்குகிறது.

இவ்வளவு தூரம் ஆடுகிறவனை நம்பும் தைரியம் எங்கிருந்து வந்தது? தனியாகவோ சிறு குழுவாகவோ செய்யும் ஆட்டங்களை ஜப்பானில் டோஜின் என்ற சொல்லால் குறிப்பிடுவார்கள். இந்தச் சொல்லின் சரித்திரம் நமக்கு நெருக்கமானது. டோஜின் என்றால் ஒத்த மனம் உடையவர்கள். அவர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் பத்திரிகை டோஜின்ஷி. 1885-இல் ஒஸாகி கோயோவும் நண்பர்களும் தொடங்கிய 'கரகுட்டா புன்கோ' இவற்றில் முன்னோடி. முதலில் அது கைப்பிரதியாகச் சுற்றுக்கு விடப்பட்டது. 1910-இல் வந்த 'ஷிரகாபா' இந்த மரபின் புகழ்பெற்ற இன்னொரு பத்திரிகை. இலக்கியத்துக்கான இந்த ஏற்பாட்டைப் பின்னால் சித்திரக் கதைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1975 டிஸம்பரில் டோக்கியோவில் காமிக் மார்க்கெட் என்ற சந்தை முதன்முதலாகக் கூடியபோது 32 குழுக்கள் தங்கள் பத்திரிகைகளைக் கொண்டுவந்தன. வந்தவர்கள் சுமார் 700 பேர். அங்கிருந்து அது கம்ப்யூட்டர் ஆட்டங்களுக்கும் பரவியது. ஆக, அமாயா நிற்கும் திண்ணை ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழையது. விலை வைக்காமல் கொடுக்கிறவன் யாரையும் வசப்படுத்தத் தேவையில்லை. தன்னைப் போன்ற சிலர் எங்கோ இருப்பார்கள், அவர்களுக்குக் கோடி காட்டினால் போதும் என்று அவன் நினைக்கலாம். டொரோகோவின் கண்களில் இருக்கும் சிக்கனம் இந்த நினைப்பிலிருந்து வருகிறது.

இதைச் சோதித்துப் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. ஆர்வலர்கள் தாங்களாகவே ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, ஆட்டம் ஜப்பானுக்கு வெளியே பரவியது. 2010-இல், அமாயாவின் சம்மதத்துடன், நிகாலிஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மூலம் நின்டெண்டோவின் வீ மெஷினுக்கு விலைக்கு வந்தது. படங்கள் திருத்தி வரையப்பட்டன: முன்பு ஒரு புள்ளி இருந்த இடத்தில் இப்போது நான்கு. 2011-இல் அதே நின்டெண்டோவின் 3டிஎஸ் மெஷினுக்கு முப்பரிமாணப் பதிப்பு வந்தது. ஒரே முகம் மூன்று உடம்பில் கிடைப்பது விமர்சகனுக்கு அபூர்வமான வசதி. 2004-இல் டொரோகோ ஒரு கோடி. 2010-இல் நல்ல படம். 2011-இல் கடையில் வாங்கக்கூடிய பொம்மை. கெட்டிக்காரத்தனம் படிப்படியாக ஏறியிருக்கிறது. எனக்கு உரிய பங்கு படிப்படியாகக் குறைந்திருக்கிறது. இந்த வித்தியாசத்தை விற்றவர்களும் ஓரளவு உணர்ந்திருக்க வேண்டும்: 2010-இன் பதிப்பிலேயே பழைய படங்களுக்குத் திரும்பிக்கொள்ள ஒரு வசதி வைத்திருந்தார்கள்.

எதிர்த்தரப்பு ஒன்று எழும். இல்லாமையைத் தத்துவமாக்குகிறாய், பழசின் மேல் உள்ள மயக்கத்துக்கு அழகியல் பெயர் சூட்டுகிறாய் என்பார்கள். இதில் பாதி நியாயம். கேவ் ஸ்டோரிக்குப் பிறகு புள்ளிச் சித்திரம் ஒரு பாணியாகி, கேட்ட விலைக்குக் கிடைக்கும் அலங்காரமாகிவிட்டது. இரண்டு புள்ளி வைத்தால் கண்ணாகிவிடும் என்று எண்ணுகிறவர்கள் நம்மூரில் வரியை உடைத்துப் போட்டால் கவிதையாகிவிடும் என்று எண்ணுகிறவர்களுக்குச் சகோதரர்கள். சிக்கனம் தன்னளவில் ஒரு குணமே இல்லை. எதை விட்டிருக்கிறான், விட்ட இடத்தில் நாம் போய் நிற்கத் தரை இருக்கிறதா என்பதே கேள்வி. டொரோகோவுக்கு முன்னால் மிமிகாக்களின் கிராமம் இருக்கிறது, ஒரு படுகொலையின் நினைவு இருக்கிறது, நம் மேலேயே நமக்கு விழும் சந்தேகம் இருக்கிறது. அந்த இரண்டு புள்ளிகளும் இவற்றின் மேல்தான் நிற்கின்றன. ஐந்து வருஷம் போனது அந்தத் தரையைப் போடுவதற்கு.

2014-இல் அமாயா 'கெரோ ப்ளாஸ்டர்' என்று இன்னொரு ஆட்டம் வெளியிட்டார். விலைக்குத்தான் வந்தது. நாயகன் ஒரு தவளை. ஒரு கம்பெனியில் ஊழியன். அனுப்பிய இடத்துக்கெல்லாம் போய் வேலையை முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். முப்பரிமாணத்துக்குப் போன பாத்திரங்களைப் படைத்தவர் மறுபடி கட்டத்துக்கு வந்து, சம்பளத்துக்கு உழைக்கும் ஒரு தவளையைச் சில புள்ளிகளில் முடித்திருக்கிறார். காசு வாங்குவதால் மட்டும் கை மாறிவிடுவதில்லை என்பதற்கு இது சாட்சி. நான் மேலே சொன்னதற்கு இது ஒரு திருத்தமாகவும் நிற்கட்டும்.

2004-இன் குகைக் கதை இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆபீஸில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரில்கூட ஓடும். டொரோகோ வரைக்கும் ஆடிப் பாருங்கள். அதன் பிறகு, இது பாத்திரமா பொம்மையா என்று என்னோடு சண்டைக்கு வரலாம்.