நூல் நூற்பவள்

கிரேக்கர்களுக்கு விதி என்பது மூன்று சகோதரிகள். ஒருத்தி ஆயுள் நூலை நூற்பாள், அடுத்தவள் அளப்பாள், மூன்றாமவள் கத்தரித்துவிடுவாள். நூற்பவள் பெயர் க்ளோதோ. அந்தப் பெயரை ஒரு சுண்டெலியின் மரபணுவுக்குச் சூட்டினார்கள் என்றால் கதை இல்லாமலா இருக்கும்?

ஜப்பானில் மகோடோ குரோ-ஓ என்பவர் ரத்தக் கொதிப்பை ஆராய்வதற்காகச் சுண்டெலிகளுக்குள் ஒரு மரபணுவைப் புகுத்தினார். அது போய் உட்கார்ந்த இடத்தில் வேறொரு மரபணு கெட்டுவிட்டது. மூன்று வாரம் துள்ளித் திரிந்த குட்டிகளுக்குத் திடீரென்று கிழடு தட்டியது. எலும்பு நொய்ந்தது, ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்தது, இரண்டு மாதத்தில் செத்துப் போயின. 1997-ல் இது வெளிவந்தது. தேடியது ஒன்று, அகப்பட்டது வேறு.

அந்த மரபணு அதிகம் உழைக்கும் இடம் மூளையல்ல, இருதயமல்ல, சிறுநீரகம்! காரணம் 2006-ல் புலப்பட்டது. பாஸ்பேட் மிஞ்சினால், 'வெளியேற்று' என்று சிறுநீரகத்துக்குச் சொல்ல, எலும்பு எஃப்.ஜி.எஃப்.23 என்ற புரதத்தைச் சுரந்து ரத்தத்தில் விடுகிறது. செல்லின் வாசலிலுள்ள ஏற்பி அந்தச் சேதியை வாங்கவேண்டுமானால் பக்கத்தில் க்ளோதோ நிற்கவேண்டும். அவள் இல்லையென்றால், வந்த சேதி வாசலோடு சரி.

க்ளோதோவில் ஒரு துண்டு அறுந்து ரத்தத்திலும் திரிகிறது. சிறுநீரகத்தைத் தழும்பாக்கும் டி.ஜி.எஃப்.பீட்டா என்ற புரதத்தை அது ஏற்பியருகிலேயே வழிமறிப்பதை 2011-ல் எலிகளிடம் கண்டார்கள். காவல் என்றால் இதுவல்லவா!

ஆனால் மனிதனின் சிறுநீரகம் நாள்பட்ட நோயில் நலியும்போது, ஆரம்பத்திலேயே க்ளோதோ குறையத் தொடங்கிவிடுகிறது. அதை வெளியிலிருந்து ஊட்ட வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள்.