துப்பாக்கிக்கும் உண்டு ஒரு மெருகு

ஈயம் பூசுகிறவரும் சாணை பிடிக்கிறவரும் தெருவில் குரல் கொடுத்துப் போன காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் பெண்ணாடத்துக்காரர்களுக்குப் பீங்கான் மேல் ஏற்றும் மெருகும் பழக்கமானதுதான். ஆனால் துப்பாக்கிக்கு மெருகு ஏற்றித் தருவதையே தொழிலாகக் கொண்டவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள் என்றால் இளையவர்கள் நம்புவதில்லை. அந்தத் தொழில் எப்படித் தேய்ந்தது என்பதைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது.

துப்பாக்கிக் குழல் இரும்பு. விட்டால் துருப்பிடிக்கும். அந்தத் துருவைக் கொண்டே துருவைத் தடுத்ததுதான் பழைய கைவேலையின் சூட்சுமம். குழலில் எண்ணெய்ப் பிசுக்குத் துளியும் இல்லாமல் சுண்ணாம்பு போட்டுத் துடைப்பார்கள். அமிலக் கரைசலை மெல்லிசாகத் தடவி, ஈரக் காற்றில் வைப்பார்கள். மெல்லிய செந்துரு படரும். கொதிக்கும் நீரில் போட்டால் அது கறுக்கும். மெல்லிய கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு மறுபடியும் தடவ வேண்டும். இப்படிப் பல தடவை, பல நாள் செய்தால் கருநீலமாக ஒரு மெருகு நிற்கும். கைரேகை பட்டாலே கெட்டுவிடும் வேலை அது.

அலங்காரத்துக்குக் கோஃப்த்கரி என்று ஒரு கலை. எஃகின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கத்தியால் நுண்ணிய கீறல்கள் போட்டு, தங்கக் கம்பியை அதன் மேல் வைத்து அடித்துப் பதித்து, சூடு காட்டி, வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். சியால்கோட், உதய்ப்பூர், தெற்கே திருவனந்தபுரம் ஆகிய ஊர்களில் இதில் தேர்ந்த கைவினைஞர்கள் இருந்தார்கள். வாள், கட்டாரி, துப்பாக்கி எல்லாம் அவர்கள் கைக்கு வந்தவை.

தமிழ்நாட்டில் இந்தக் கைகளுக்கு முதல் அடி 1801-இல் விழுந்தது. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட சில வாரங்களுக்குள், டிசம்பர் 1-ஆம் தேதி, சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் பாளையப்பட்டுகளில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்து அறிக்கை விட்டார். பாளையக்காரருக்கே ஆயுதம் இல்லை என்றால் அதற்குப் பூண் போட்டவனுக்கும் பொன் பதித்தவனுக்கும் ஏது பிழைப்பு?

அடுத்தது தஞ்சாவூர். 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கும்பெனி அரண்மனையைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. ஆயுதசாலையில் குவிந்துகிடந்ததில் சிலவற்றை 1863 வாக்கில் சென்னை அருங்காட்சியகத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி 1878-இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் அந்த ஆயுதசாலையைப் பற்றி எழுதியிருக்கிறார். அதே 1878-இல்தான் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டமும் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரருக்கு வேண்டாம் என்ற ஏற்பாடு அது.

இதற்குப் பிறகு வாடிக்கையாளர் மாறினார். வேட்டைக்குப் போகும் துரைமார்கள், மகாராஜாக்கள், ஜமீன்தார்கள்தான் மிஞ்சினார்கள். அவர்களுக்காகக் கல்கத்தாவில் மான்டன், ரோடா போன்ற கம்பெனிகள் இருந்தன. 1914 ஆகஸ்டில் வங்கப் புரட்சியாளர்கள் 50 மௌசர் கைத்துப்பாக்கிகளை அபகரித்தது இந்த ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்துதான். சியால்கோட் கோஃப்த்கரிக்காரர்கள் 1849-இல் பஞ்சாப் வீழ்ந்த பிறகு தட்டு, பேழை, காகிதக் கத்தி என்று செய்து பிழைத்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் அமலுக்கு வந்தது. நிற வேற்றுமை போனது, லைசென்ஸ் போகவில்லை. துப்பாக்கியைப் பழுது பார்ப்பதைத் தொழிலாகச் செய்யவும் லைசென்ஸ் வேண்டும். ஆகவே பாத்திரத்துக்கும் சைக்கிளுக்கும் நிக்கல் முலாம் போடும் கடைக்காரர் துப்பாக்கியைத் தொடத் துணியமாட்டார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்றது. எண்பதுகளில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியும் நின்றது. மிஞ்சியது பயிர்க் காவலுக்கும் பாங்கிக் காவலுக்கும் வைத்திருக்கும் துப்பாக்கிகள். அதற்கு யார் தங்கம் பதிக்கப்போகிறார்கள்?

உத்தியோக காலத்தில் துப்பாக்கி லைசென்ஸ் கோப்புகள் என் மேஜைக்கும் வந்ததுண்டு. என்ன வகை, எந்த ஊர்த் தயாரிப்பு, என்ன எண் என்று எழுதுவோம். மேல்பூச்சு பற்றி எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. தேர்தல் வந்தால் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். திரும்பி வரும்போது சிலவற்றில் துரு பூத்திருக்கும். போதாததற்கு ஆயுத பூஜை அன்று ஈரச் சந்தனத்தைக் குழலில் அப்பி, மறுநாள்வரை துடைக்காமல் விடுவார்கள். இருந்த நீலமும் அதோடு போய்விடும்.

எல்லாப் பழியையும் சட்டத்தின் மேல் போட நான் தயாரில்லை. பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அங்கே நடந்ததையும் பார்க்கிறேன். சேந்த்-எத்தியேன் நகரில் 1764-இல் அரச ஆயுதச்சாலை ஏற்பட்டது. 1885-இல் மிமார், பிளாஷோன் என்ற இருவர் தொடங்கியது மனுஃபிரான்ஸ். நம்மைப் போன்ற கெடுபிடி அங்கே இல்லை, வேட்டைக்காரர்களும் ஏராளம். இருந்தும் மனுஃபிரான்ஸ் 1985-இல் முடிந்தது, அரச ஆயுதச்சாலை 2001-இல். பல நாள் வேலையைக் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கொதிநீர்த் தொட்டி அரை மணியில் முடித்துக்கொடுத்ததும் ஒரு காரணம். இத்தனைக்கும் ஈயப்பற்று வைத்து ஒட்டிய பழைய இரட்டைக் குழலை அந்தத் தொட்டியில் போட்டால் பற்றையே அது அரித்துவிடும்.

வித்தியாசம் ஒன்றுதான். பெல்ஜியத்தில் லியேழ் நகரத்து லேயோன் மிஞோன் பள்ளியில் துப்பாக்கி வேலையையும் செதுக்கு வேலையையும் இன்றும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தொழில் சுருங்கினாலும் வித்தை ஏட்டில் ஏறிவிட்டது. இங்கே அது தகப்பன் கையிலிருந்து மகன் கைக்குப் போனது. மகன் வேறு வேலைக்குப் போனதும் அறுந்தது. உதய்ப்பூர் கோஃப்த்கரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது ஓர் ஆறுதல்.

வீட்டுக்கு வீடு துப்பாக்கி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தாத்தா காலத்துத் துப்பாக்கி யார் வீட்டிலாவது இருந்தால், லைசென்ஸ்தாரர் காலமானதும் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ முறைப்படி ஒப்படைத்துவிடுங்கள். அதற்கு முன்னால் "புதுசு மாதிரி ஆக்குகிறேன்" என்று உப்புத்தாள் போட்டு மட்டும் தேய்க்காதீர்கள். மறுபடி அந்த நிறத்தை ஏற்றித் தர ஆள் கிடைப்பது கஷ்டம். சென்னைக்குப் போகிறவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் ஆயுதங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் தப்பியவை அவை.